தம்பி அனுப்பிய லிங்க்

என் தம்பிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பொலிசுக்கே தெரிஞ்சு போச்சு, இனி யாருக்குத் தெரிஞ்சா என்னா, எழுது" என்றான்.

பேச்சில் அவனை யாரும் பிடிக்க முடியாது. கண்டி நகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். மாத்தறைக்காரர் ஏறினால் மாத்தறைச் சிங்களம் பேசுவான். பிக்கு ஏறினால், பிக்குமாரிடம் பேசுவதற்கென்றே இருக்கிற பணிவான சொற்களை எடுத்து அடுக்குவான். ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அவனைச் சிங்களவன் என்று நினைத்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். ஆனால் ஒரு பெயர்ப்பலகையைக் காட்டி, இதை வாசி என்றால் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடுவான். அவனிடம் மூக்குக்கண்ணாடியே கிடையாது.

மஹய்யாவையில் எங்களைப் போன்றவர்களுக்கு இது சாதாரணம். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், சிங்களத்தைத் தெருவில் படித்தோம். தெருவில் எழுத்துச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? நான் மட்டும், அரசாங்க வேலைக்குச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்று கழுத்தைப் பிடித்ததால், கல்யாணத்துக்குப் பிறகு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிலிமத்தலாவையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். எங்கள் வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தம்பியோடு ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்களுக்கு ஒரு போன் குரூப் இருந்தது. அவனைத் தவிர எல்லாரும் சிங்களவர்கள், நல்ல மனிதர்கள். அதில் வருவதெல்லாம் சிங்கள எழுத்து. தம்பி படத்தைப் பார்ப்பான். பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற சின்னப் படம் ஒன்று இருக்கிறதே, அதைப் போடுவான். பிறகு, தனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று காட்டுவதற்கோ என்னவோ, தன்னிடம் இருக்கிற அத்தனை நம்பருக்கும் அதைத் தள்ளிவிடுவான். ஒரு தடவை யாரோ ஒரு அம்மாவின் மரண அறிவித்தலுக்குப் பெருவிரலைத் தூக்கிவிட்டு, அதை எனக்கும் அனுப்பி வைத்தான். நான் போன் பண்ணித் திட்டினேன். "பூவெல்லாம் போட்டிருந்துச்சேக்கா, கல்யாணம்னு நெனச்சேன்" என்றான். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கண்டிப் பக்கம் முஸ்லிம் கடைகளை எரிக்கத் தொடங்கிய வாரம் யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஒரு ஊரில் நடந்த அடிதடியில் ஒருவர் இறந்துபோனார். அதைச் சாட்டி, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதர்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தேடிப் போனார்கள். யுத்தம் முடிந்து பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை. "நம்மள விட்டுட்டானுங்க, இப்ப அவங்க முறை" என்று எங்கள் லைன் வீடுகளில் ஒருவர் நிம்மதியாகச் சொன்னார். அவரோடு எனக்கு இன்றுவரை பேச்சு கிடையாது.

அன்று மதியம் அலுவலகத்தில் பாதிக் கதிரைகள் காலியாக இருந்தன. சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. தேசியக் கொடி, அதன் மேல் பொலிஸ் சின்னம் மாதிரி ஒரு வட்டம். கீழே நாலு வரி சிங்களம். அதற்கும் கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க். வழக்கம்போல ஏதோ அறிவித்தல் என்று நினைத்துத்தான் வாசித்தேன்.

நம் ஆட்கள் உடனே இதற்குள் வந்து சேருங்கள் என்று இருந்தது. கண்டியைச் சுற்றி எந்த ஊரில் எந்தக் கடை இன்னும் நிற்கிறது என்று சொல்லுங்கள். மாலைக்குள் முடிக்க வேண்டும், எல்லாருக்கும் அனுப்புங்கள்.

இரண்டாம் தடவை வாசித்தேன். அந்த வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொலிஸ் சின்னமே இல்லை, யாரோ ஒரு வாளையும் இரண்டு நெற்கதிரையும் போட்டு ஒட்டியிருந்தான். அந்த லிங்கும் எந்த அலுவலகத்தின் பக்கத்துக்கும் போகிற முகவரி இல்லை. அது ஒரு குரூப்புக்குள் போகிற வழி. தொட்டால் போதும், நீங்கள் உள்ளே. உங்கள் நம்பர், பெயர், படம் எல்லாம் அங்கே இருக்கிற முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தெரியும். சோற்றை அப்படியே மூடிவிட்டுத் தம்பிக்குப் போன் பண்ணினேன்.

"என்னாத்தடா அனுப்பிருக்க?"

"கர்ஃபியூ மெசேஜ்தானேக்கா? நம்ம குரூப்புல வந்துச்சு. பொலிஸ் படம் போட்டிருக்கே. நானும் அமுக்கிச் சேந்துட்டேன். எங்க எங்க பிரச்சினைன்னு அதுல சொல்லுவாங்கல்ல?"

"யாருக்கெல்லாம் அனுப்புன?"

"எல்லாத்துக்கும்தான்."

"நானாவுக்கு?"

"அவருக்கும்தான்." நான் அந்த நாலு வரியையும் சொன்னதும் "ஐயோக்கா" என்றான். அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

நானா யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எங்களுக்கும் அவர் அதுதான். மஹய்யாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு செருப்புக்கடை. கீழே கடை, மேலே வீடு. எங்கள் அம்மா அந்த வீட்டுக்கு மாவிடிக்கப் போவார். அதுதான் பழக்கம், வேறு சொந்தம் கிடையாது.

எண்பத்து மூன்றில், தமிழரைத் தேடித்தேடிக் கொன்ற கலவரத்தில், நாங்கள் உயிர் தப்பியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று எங்கள் லைனின் வழக்கம். எங்களில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார்கள். வெளியே நின்று கூப்பிடுவார்கள். அக்கா, அண்ணே, மதினி, பேரைச் சொல்லியோ முறையைச் சொல்லியோ ஒரு குரல் வரும், அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். கதவைத் தட்டுகிறவன் வெளியாள். அந்த ஆடி மாதம் எங்கள் கதவைத் தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாகத் தட்டினார்கள். வெளியே இருந்தவன் நல்ல சிங்களத்தில், பயப்படாதீர்கள், உங்களைப் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறோம், சீக்கிரம் வாருங்கள் என்றான். அப்பா எழுந்துவிட்டார். அம்மா அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "நம்மாளா இருந்தா தட்டமாட்டான்" என்றார். சத்தமே போடாமல் இருந்தோம். அவர்கள் ஆள் இல்லை என்று நினைத்து அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டில் திறந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அந்த வீட்டு மாமாவை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

இரண்டாவது காரணம் நானா. பின்பக்கத்துச் சாக்கடைக் கானோரமாக ஒரு குரல் கேட்டது. "அக்கா, நான்தான், செருப்புக்கடை." அம்மா பின்கதவைத் திறந்தார். அவருக்கு அப்போது மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. எங்களைக் கூட்டிப்போய் மேல்வீட்டில் செருப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். கலவரம் அடங்கும்வரை அங்கேதான் இருந்தோம். புதிதாகக் கல்யாணமாகி வந்த அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பெட்டிகளுக்கு மேலால் எங்களுக்குச் சோற்றுத் தட்டை நீட்டுவார். புது இறப்பர் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும்.

அந்த நானாவுக்குத்தான் என் தம்பி லிங்க் அனுப்பியிருந்தான். நானாவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சிங்களத்தில் பேரம் பேசி ஆயிரம் சோடி விற்பார், கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் எழுதினவனைத்தான் கேட்க வேண்டும்.

அவருக்குப் போன் எடுத்தேன். முதல் தடவையே எடுத்துவிட்டார். குரலில் பதற்றமே இல்லை.

"ஓ தங்கச்சி, தம்பி அனுப்பின வந்திச்சி. நான் அமுக்கின. கொஞ்ச நேரத்தில ஒரு பொடியன் கோல் எடுத்தான். நல்ல மரியாத. அங்கிள், ஒங்கட கடைக்குப் பொலிஸ் காவல் போடணும், எந்த எடம்னு கேட்டான். நான் சொன்ன, அரச மரத்துக்குப் பக்கத்தில, பச்சை ஷட்டர்னு."

"நானா, அது பொலிஸ் இல்ல. ராத்தாவக் கூட்டிக்கிட்டு ஒடனே வெளிய போங்க. இப்பவே. எதையும் எடுக்காதீங்க."

அவர் ராத்தாவைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "அவக்கு இன்டைக்கு இழுப்பு கூட. படி எறங்க ஏலாம ஈக்கி" என்றார். ராத்தாவுக்குப் படி இறங்க முடியாத அளவுக்கு மூச்சிழுப்பு.

தம்பி அதற்குள் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இனி நடந்ததில் பாதியை அவன் சொன்னான், மீதியை நானா சொன்னார். நான் பிலிமத்தலாவையில் பஸ் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் போய்ச் சேரும்போது கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. பட்டப்பகல். கொஞ்சம் பேர் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள், நிறையப் பேர் அதைக்கூடக் கட்டவில்லை. இரும்புக் கம்பியால் பச்சை ஷட்டரை நெம்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஆட்டோவைக் கூட்டத்துக்குள் விட்டான், எப்படியாவது பின்பக்கச் சந்துக்குப் போய்விடலாம் என்று. மறித்தார்கள். அவன் வாயைத் திறந்து பேசியதும் தோளில் தட்டினார்கள். நம் ஆள், நல்ல நேரத்தில் வந்தான் என்றார்கள். ஒருவன் குனிந்து ஆட்டோவின் டாங்கியைத் திறந்து குழாயைப் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்தான். தம்பி காலையில் நிரப்பின பெற்றோல் போத்தல் போத்தலாகப் போனது. இன்னொருவன் இதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

தம்பி அப்போதுதான் கத்தினான். "உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், மேலே ஒரு சுகமில்லாத அம்மா இருக்கிறா" என்று சிங்களத்தில் கத்தினான். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். இவன் கண்டக்டர்மாதிரி இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். கம்பி அவன் இடது காதில் விழுந்தது. விழுந்தவனை மிதித்தார்கள். முதலில் முகத்தில், பிறகு விலாவில். கானுக்குள் உருட்டிவிட்டார்கள். அந்தக் காது இன்றைக்கும் கேட்காது. அவனோடு பேசுகிறவர்கள் வலது பக்கம் வந்துதான் பேச வேண்டும்.

ஷட்டர் திறந்ததும் போத்தல்களை எறிந்தார்கள். செருப்புக்கடை எரிவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். துணி எரிந்து சாம்பலாகும், மரம் எரிந்து கரியாகும். இறப்பர் உருகி ஓடும். கடை வாசற்படியில் கறுப்பாக வழிந்து அது எரிந்துகொண்டே இறங்கியது. புகை மேலே ஏறியது. நானா யன்னலால் தம்பி அடிபடுவதைப் பார்த்திருக்கிறார். பிறகு புகையில் எதுவும் தெரியவில்லை. மேல்வீட்டிலிருந்து பின்சந்துக்கு இறங்குகிற கதவின் இரும்புத் தாழ்ப்பாள் நெருப்பில் காய்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. அதை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். தோல் தாழ்ப்பாளோடு ஒட்டிக்கொண்டது என்று அவர் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, வேறு யாருடைய கையைப் பற்றியோ சொல்கிற மாதிரிச் சொன்னார். ராத்தாவைப் படுக்கை விரிப்பில் சுற்றிப் பின்சந்தில் இழுத்து இறக்கினார். அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பம் ஒன்றுதான் தங்கள் வான் வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக் கொண்டுபோனது. பொலிஸ் வந்தபோது எரிய எதுவும் மிச்சமில்லை.

ராத்தாவின் நெஞ்சில் புகை இறங்கியிருந்தது. சில நாட்கள் மூச்சுக்குப் போராடினார். கடைசியாக நான் போனபோது பேச முடியவில்லை. என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, சாப்பிட்டாயா என்று சைகை காட்டினார். நான் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் விடிய முன் அவர் போய்ச் சேர்ந்தார், லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு முன்னமே அடக்கிவிட்டார்கள். பெண்கள் மையவாடிக்கு, அடக்கம் செய்கிற இடத்துக்கு, போக முடியாது. நான் வீதியில் நின்றேன்.

கடை எரிந்த மறுநாளே அரசாங்கம் போன் குரூப்புகளையெல்லாம் முடக்கியிருந்தது. முடக்கின அன்றே எங்கள் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இதை அமுக்கினால் எல்லாம் திறக்கும் என்று வேறு லிங்குகளை அனுப்பத் தொடங்கினார்கள். விபிஎன் என்று ஒரு பெயர். யார் செய்தது, எங்கிருந்து வருகிறது, போனுக்குள் போய் என்ன எடுக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. அரச மரத்தடியில் இன்னும் புகைகிறது, என் அலுவலகத்தில் படித்தவர்கள் போட்டி போட்டு அமுக்குகிறார்கள். ஒருத்தியின் கையிலிருந்த போனைப் பிடுங்கி மேசையில் வைத்தேன். பைத்தியமா உனக்கு என்றாள். ஆமாம், பைத்தியம்தான்.

அன்றிலிருந்து எனக்கு யார் எதை அனுப்பினாலும் நான் தொடுவதில்லை. அனுப்பினவருக்குப் போன் எடுப்பேன். இது என்ன, நீங்கள் வாசித்தீர்களா, யார் உங்களுக்குத் தந்தது? பத்துக்கு ஒன்பது பேர், வந்தது, அனுப்பினேன் என்பார்கள். அப்படியானால் அழித்துவிடுவேன். ஒரு அலுவலகத்தின் பெயரில் வந்தால் அந்த அலுவலகத்தின் சொந்த நம்பரை நானே தேடி எடுத்துக் கேட்பேன், மெசேஜில் இருக்கிற நம்பரை அல்ல. உடனே செய், மாலைக்குள் செய், எல்லாருக்கும் அனுப்பு என்று அவசரப்படுத்துகிறதைக் கண்டால் எனக்கு எங்கள் கதவைத் தட்டினவனின் நல்ல சிங்களம் காதில் கேட்கும். அவனும் சீக்கிரம் வாருங்கள் என்றுதான் சொன்னான். தெரிந்தவர்களின் பெயரில் வருகிறதுதான் எல்லாவற்றையும்விட மோசம். தம்பியின் பெயரைப் பார்த்துத்தானே நானா அமுக்கினார். இதைச் சொன்னால் எனக்கு மரியாதை தெரியாது என்று கோபித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

ராத்தாவை அடக்கி இரண்டொரு நாளில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடை எரிந்ததை ஒருவன் படம் எடுத்தானே, அது ஊரெல்லாம் சுற்றிப் பொலிஸ் கையில் வந்திருந்தது. அதில் தம்பியின் ஆட்டோ, நம்பர் தகட்டோடு. தோளில் தட்டுகிறார்கள். டாங்கியிலிருந்து பெற்றோல் போகிறது. படம் அங்கே முடிகிறது. அவன் கத்தினதும் அடிபட்டதும் அதில் இல்லை. குரூப்புக்குள் அவன் நம்பர். செத்துப்போனவரின் வீட்டுக்கு லிங்க் போனதும் அவன் போனிலிருந்து.

பொறுப்பதிகாரி கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லித்தான் பேசினார். "லிங்க் இவனுடையது, பெற்றோல் இவனுடையது. ஒரு மனுசி செத்திருக்கிறா. நான் என்ன நினைக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். கூண்டுக்குள் இருந்த தம்பியைக் காட்டி, "என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறான்" என்றார். அக்கா சொன்னால் எடுபடாது. எரிந்த வீட்டுக்காரர் சொன்னால் எடுபடும். இல்லையென்றால் கொலைக் கேஸ், நாளைக்கு நீதிமன்றம் என்றார்.

நானா சொந்தக்காரர் வீடொன்றில் இருந்தார். போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். மனைவியைப் பறிகொடுத்தவரிடம், அதற்குக் காரணமானவனைக் காப்பாற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். கூண்டுக்குள் ஒரு காதில் கட்டோடு குந்திக்கொண்டிருந்தவன் ஞாபகம் வந்தான்.

"நானா" என்று கூப்பிட்டேன். "நான்தான்."

வந்தார். இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளைத் துணி. நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். உள்ளே போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். யாரோ அவருக்குத் தொப்பியைப் போட்டுவிட, திரும்பி வந்து எனக்கு முன்னால் நடந்தார்.

பொலிஸ் நிலையத்து விறாந்தையில் தம்பியின் ஆட்டோக்காரர்கள் நின்றிருந்தார்கள், அவனுக்காகப் பேச வந்தவர்கள். அவனோடு வருடக்கணக்காக நின்று பிளேன்டீ குடித்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் அன்று தெரிய வந்தது.

நானா சிங்களத்தில் சொன்னார். "இவன் எனக்காக அடி வாங்கினான், யன்னலால் பார்த்தேன். லிங்க் அனுப்பினதும் இவன்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இவனுக்குத் தெரியாது."

அதிகாரி அந்த மெசேஜை அச்சடித்து வைத்திருந்தார். தம்பியை வெளியே எடுத்து அதை அவன் கையில் கொடுத்தார். "வாசி."

தம்பி தாளைப் பார்த்தான். விறாந்தையில் நின்ற சிநேகிதர்களைப் பார்த்தான். அவன் கை சட்டைப்பைக்குப் போனது, அந்த இல்லாத மூக்குக்கண்ணாடிக்கு. பிறகு கையை எடுத்துவிட்டான்.

"மட்ட கியவன்ன பே, மாத்தயா" என்றான். எனக்கு வாசிக்க முடியாது, ஐயா.

"ஒரு சொல்லாவது?"

தம்பி விரலை வரிவரியாக இழுத்துக்கொண்டு போனான். வெகு நேரம் எடுத்தது. ஒரு இடத்தில் விரல் நின்றது. "இது மஹநுவர" என்றான். கண்டிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். பஸ் நெற்றியில் தினமும் பார்க்கிற எழுத்து, அந்த உருவத்தை வைத்துக் கண்டுபிடித்திருந்தான். "இது மட்டும் தெரியும். கண்டின்னு போட்டிருக்கு, பொலிஸ் படமும் இருக்கு, நம்ம ஊருக்கு நல்லதுன்னு அனுப்பிட்டேன்." கடைசி வரியை அவன் தமிழில்தான் சொன்னான், நான் மொழிபெயர்த்தேன். விறாந்தையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி நானாவைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றார்.

"எனக்கும் முடியாது" என்றார் நானா. "முடிந்திருந்தால் அவள் இருந்திருப்பாள்."

வாக்குமூலம் எழுதி எடுத்துக்கொண்டு தம்பியை விட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் தம்பி நானாவின் காலில் விழப் போனான். நானா பின்னால் நகர்ந்துவிட்டார். தன் சட்டைப்பையைத் தாடையால் காட்டினார். அதற்குள் அவருடைய போன் இருந்தது.

"அத எடு. என்ட வெரல் வேல செய்ற இல்ல. ஒன்ட நம்பர நீயே அழிச்சிடு."

தம்பி போனை எடுத்தான். அதில் அவனுடைய நம்பருக்குப் பக்கத்தில் இருந்த படம், நானா எப்போதோ எடுத்தது. கடைக்கு முன்னால் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு தம்பி சிரிக்கிறான், பின்னால் ராத்தாவின் கை மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுகிறது. தம்பி அழித்தான். அழித்துவிட்டேன் என்று திருப்பிக் காட்டினான். நானா பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவன் வலது பக்கமாக வந்து நின்று, "என்னயப் பாக்கணுமென்டா வா. வெளிய நின்டு கூப்புடு. போன்ல வராத" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கடையைத் திரும்பக் கட்டப் பல மாதங்கள் ஆனது. இப்போது ஷட்டர் சாம்பல் நிறம். தம்பி ஆட்டோ ஓட்டுகிறான். போனை விற்றுவிட்டு, பேச மட்டும் முடிகிற பழைய பொத்தான் போன் ஒன்று வாங்கிக்கொண்டான். கட்டுகஸ்தோட்டைக்கு ஆள் ஏறினால் பெற்றோல் போனாலும் பரவாயில்லை என்று வேறு பாதையால் சுற்றிப் போகிறான். அரச மரத்தடிக்கு அவன் போகவே இல்லை. ஏன்டா என்று கேட்டால், கூப்பிடக் குரல் வரவில்லை என்கிறான்.

போன மாதம் நான் போனேன். வெளியே நின்று, "நானா, நான்தான்" என்று கூப்பிட்டேன். மேலே யன்னல் திறந்தது, பிறகு படியிறங்கி வந்தார். அவருடைய உள்ளங்கைத் தோல் மெழுகு பூசினமாதிரி இறுகிப் போயிருந்தது. கடைக்குள் புது இறப்பர் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. அப்படிப் பசித்ததற்கு என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வீதியில், ஆட்டோ ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தார்.

"எங்க அவன்?"

"அவன் வரமாட்டேங்கிறான் நானா."

அவர் ஷட்டரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"கூப்புடச் சொல்லித்தானே நான் சொன்ன" என்றார். "வராதேன்டு சொல்லல்லயே. ஒவ்வொரு நாளும் யன்னலத் தெறந்து வெச்சிக்கிட்டுத்தானே ஈக்கிறன்."